புகார் கொடுத்தவருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம்

இரண்டாயிரத்தைத் தாண்டிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற மற்ற முதலாளிகள் பொம்மையைச் செய்துவிட்டு, வாங்க ஆள் வரும் என்று காத்திருப்பார்கள். எங்கள் முதலாளி காத்திருக்கிற ஆள் இல்லை. கம்ப்யூட்டர் வாங்கினார். சென்னையில் ஒரு கம்பெனியிடம் பட்டறைப் பெயரில் மின்னஞ்சல் முகவரி எடுத்தார். தெரிந்தவர், தெரியாதவர், ரயிலில் எதிரே உட்கார்ந்து வந்தவர் என்று யாருடைய முகவரி கிடைத்தாலும் பட்டியலில் ஏற்றினார். வாரம் தவறாமல் அத்தனை பேருக்கும் யானை, குதிரை, பிள்ளையார் படங்கள் போயின. யாரும் கேட்கவில்லை என்பது அவருக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை.

நான் அங்கே சூளையில் பொம்மை அடுக்குகிறவன். ஐந்தாவது வரை படித்தவன். மின்னஞ்சலில் எனக்கு ஒரே ஒரு அக்கறைதான். மும்பையில் கடை வைத்திருந்த ஒரு தமிழர் நவராத்திரிக்கு வேண்டிய கொலு பொம்மைகளை அதன் வழியாகத்தான் கேட்பார். போனில் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை. அந்த ஆர்டர் வந்தால் சூளை எரியும். வராவிட்டால் நான் வீட்டில் உட்கார்ந்து மனைவி சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த வருஷம் ஆர்டர் வருவதற்கு முன்னால் சென்னைக் கம்பெனியின் எச்சரிக்கை வந்தது. முதலாளியின் மருமகன் கம்ப்யூட்டர் படித்தவர். அவர்தான் படித்துச் சொன்னார்.

"நம்ம மெயில் வந்தா ஜனங்க ஸ்பாம்னு ஒரு பட்டன அமுக்கறாங்க மாமா. இது குப்பை, எனக்கு வேணாம்னு புகார் குடுக்கற மாதிரி."

"நம்ம பொம்மயவா குப்பைன்றான்?"

"பொம்மய இல்ல மாமா, மெயில."

"மெயில்ல பொம்மதான இருக்குது?"

மருமகன் பொம்மையை விட்டுவிட்டுப் பட்டனுக்கே திரும்பினார்.

மற்றதை அவர் விளக்கினார். மின்னஞ்சல் பெட்டியை இலவசமாகக் கொடுக்கிற பெரிய கம்பெனிகள், எத்தனை பேர் அந்தப் பட்டனை அமுக்குகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்குமாம். எண்ணிக்கை கூடினால், ஆசையாகக் கேட்டு வாங்குகிறவருக்குப் போகிற கடிதத்தையும் குப்பைப் பெட்டியில் தள்ளிவிடுமாம். அனுப்பியவரிடம் ஒரு வார்த்தை கேட்காது. புகாரின் நகல் மட்டும் சென்னைக்குப் போகும். சென்னைக் கம்பெனி, தன் மற்ற வாடிக்கையாளர்களின் கடிதங்களும் குப்பைக்குப் போய்விடுமே என்று பயந்து எங்கள் முகவரியை மூடிவிடும். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்காரன் செய்த தப்புக்குத் தெருக் குழாயையே மூடுவார்கள், அந்த நியாயம்தான். அதனால் எனக்குச் சுலபமாகப் புரிந்தது.

"புகார் குடுத்தவங்க பேர லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டா விட்டுடுவாங்களாம் மாமா."

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "உசுரோட இருக்கிற மனுஷன் பேர அடிக்கறதா? என்ன மாப்ள பேசறீங்க! கல்யாணப் பத்திரிகை லிஸ்ட்லகூட செத்தவங்க பேரத்தான் அடிப்போம்."

கோபித்துக்கொண்டவர்களைச் சமாதானப்படுத்துவதுதான் முறை என்றார். எல்லாருக்கும் ஒரு மன்னிப்புக் கடிதம் போனது. கூடவே எல்லா பொம்மைப் படங்களும் போயின. வெறுங்கையோடு மன்னிப்புக் கேட்பது மரியாதை இல்லையாம். முன்பு அமுக்காதவர்களும் இந்தத் தடவை அமுக்கினார்கள். புகார் கொடுத்தவர்களே இன்னொரு தடவை கொடுத்தால் முகவரியை மூடிவிடுவோம் என்று சென்னையிலிருந்து எழுதினார்கள்.

புகார் நகல்களில் ஒன்று பெண்ணாடத்து எலக்ட்ரிக் கடைக்காரருடையது. அதைக் கேட்டதும் முதலாளியின் முகம் தெளிந்தது. பஸ்ஸில் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் ஒரு எதிரி கிடைத்துவிட்டார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்து என்னைத் தூக்கி வரச் சொன்னார். "நீ வாயத் தொறக்க மாட்ட. காரியம் கெடாது," என்றார். என் கூச்சத்துக்குக் கிடைத்த ஒரே பதவி அது.

பஸ்ஸில் கண்டக்டர் தாம்பாளத்தைப் பார்த்து, "பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றார்.

"இல்லப்பா, மெயில் விஷயம்," என்றார் முதலாளி. கண்டக்டர் ஏதோ துக்க காரியம் என்று நினைத்திருக்க வேண்டும். மேற்கொண்டு கேட்கவில்லை.

எங்களைப் பார்த்ததும் கடைக்காரர் எழுந்து சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

"எங்க மேல புகார் குடுத்திருக்கீங்க. என்ன குறைன்னு சொன்னா சரி பண்ணிக்கறோம்," என்றார் முதலாளி.

"நானா? ஐயோ, நான் ஸ்டேஷன் பக்கமே போனதில்லைங்க!"

"பட்டன் அமுக்கினீங்களாமே."

"அதுங்களா! பிரவுசிங் சென்டர்ல ஒங்க யான தெறக்கறதுக்குள்ள எனக்கு நேரம் முடிஞ்சி போவுதுங்க. தும்பிக்க வரைக்குந்தான் நான் பாத்திருக்கேன். இத அமுக்குனா வராதுன்னு சென்டர்காரரு சொன்னாரு. அமுக்கினேன். மறுவாரமும் வந்துது. மறுபடி அமுக்கினேன். கோவமெல்லாம் ஒண்ணுமில்லைங்க."

"அப்ப சரி. இனிமே அமுக்காதீங்க."

"நீங்க அனுப்பாதீங்க."

இருவரும் சிரித்துக்கொண்டார்கள். ஒருவரும் இறங்கி வரவில்லை. டீ வந்தது. உயிரோடு இருப்பவர் பெயரை அடிப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று முதலாளி விளக்கத் தொடங்கினார். என் கையில் தாம்பாளம் கனத்தது. யாரும் அதை வாங்குகிற மாதிரி இல்லை. கடைசியில் கடைக்காரர் கும்பிட்டார்.

"ஐயா, எம் பேர அடிக்கவே வேணாம். நல்ல எடமா பாத்துத் தனியா எழுதி வச்சிக்கிங்க. மேல மஞ்சகூட தடவிக்கிங்க. அந்த எடத்துல இருக்கறவங்களுக்கு மட்டும் அனுப்பாதீங்க."

முதலாளி டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு தாம்பாளத்தை என்னிடமிருந்து வாங்கி கடைக்காரர் கையில் கொடுத்தார்.

ஊருக்கு வந்ததும் மருமகன் சென்னைக் கம்பெனியைக் கேட்டார். அவர்களுடைய முறையும் அதுதானாம். பெயரை அழித்துவிட்டால் யாராவது மறந்துபோய்த் திரும்பச் சேர்த்துவிடுவார்களாம். அனுப்பக் கூடாதவர்கள் என்று தனியாக வைத்தால் என்றைக்கும் போகாதாம். இதை முதல் எச்சரிக்கையிலேயே எழுதலாமே என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தத் தனிப் பட்டியலுக்கு முதலாளி 'மரியாதைக்குரியவர்கள்' என்று தலைப்புக் கொடுத்தார். புகார் கொடுத்த அத்தனை பேரும் அங்கே ஏறினார்கள். முகவரி தப்பியது. ஆனி மாதக் கடைசியில் மும்பை ஆர்டரும் வந்தது, சூளை எரிந்தது.

பட்டறைக்கு வருகிறவர்களிடம் முதலாளி மரியாதைக்குரியவர்களைத்தான் பெருமையாகக் காட்டுவார். "பாருங்க, எத்தன பேரு நம்மகூட சேந்திருக்காங்க!" புதிதாகப் பட்டனை அமுக்கியவர்களும் ஏறி, பட்டியல் வாரா வாரம் வளர்ந்தது. மும்பைக்காரருக்கு அந்த மரியாதை கிடைத்துவிடக் கூடாதே என்று நான் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.