வாங் சட்டியைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்

தேயிலைத் தோட்டத்து ஆட்கள் நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் கொழும்பு அரசாங்கமும் நம் பாட்டன் கப்பலேறி வந்த நாட்டு அரசாங்கமும் நம்மைத் தலை எண்ணிப் பங்கு போட்டுக்கொண்டதே, அதே வருஷம் அதே ஐப்பசி மழையில்தான் வாங் செத்துப்போனார். உரம் இறக்க வந்த லொறி டிரைவர்தான் சொன்னான்: "துணி மூட்டை சீனாக்காரரு போயிட்டாரு தாத்தா. அடக்கமும் ஆயிருச்சு." எனக்கு ஆள் அனுப்ப ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அஞ்சலிக் கூட்டத்துக்கு மட்டும் போனேன். எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் எழுந்து, "வாங்கும் நானும் ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள்" என்றார். கூட்டம் தலையாட்டியது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல மருமகன் எழுதுகிறான். வாங்கை அறிந்தவர்களே, கிளாக்கர் சாப்பிடவில்லை. நான் அங்கே இருந்தேன்.

வாங் சைக்கிளில் துணி மூட்டை கட்டி டயகம தோட்டம் வரைக்கும், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாக வந்தவர். கொழுந்து எடுக்கிற பெண்களிடம் கற்ற தமிழ் என்பதால் அவர்களைப் போலவே பேசுவார். விலையைக் குறைத்தால், "அடி ஆத்தி, இந்த வெலைக்கு நான் எங்கிட்டுப் போவேன்" என்று கன்னத்தில் கை வைப்பார். ஒரு மழைக்காலம் காய்ச்சலில் விழுந்தவரை டயகம ராக்கம்மா தன் ஒற்றை அறைக் காம்பிராவில் எட்டு நாள் வைத்துக் கஞ்சி ஊற்றினாள். அதை அவர் மறக்கவில்லை.

நம் ஓட்டுரிமையைப் பிடுங்கி மூன்றாம் வருஷம், தை மாசம். சீனர்களின் வருஷப் பிறப்புக்கு வாங் வேண்டியவர்களைக் கூப்பிட்டு விருந்து வைத்தார். அந்த வருஷம் அவருக்கு இன்னொரு காரியமும் இருந்தது. இந்த நாட்டில் தங்க அவர் கொடுக்கும் மனுவில், ‘இவரை வெகுகாலமாகத் தெரியும்’ என்று ரெண்டு பேர் கையெழுத்து வேண்டும். அவர் குடியிருந்த கடையின் முதலாளி மஜீது நானா ஒன்று போட்டுவிட்டார். இன்னொன்றைப் பெரிய கிளாக்கர் விருந்தன்றைக்கே போடுவதாகச் சொல்லியிருந்தார். என் கைநாட்டு அதற்குச் செல்லாது. கேட்டுப் பார்த்தேன்.

அந்தச் சட்டி பித்தளை. நடுவில் புகைபோக்கி, அதற்குள் கரி. சுற்றிலும் அகழி மாதிரி சாறு. நானா அறுத்த கோழியின் எலும்பை விடியற்காலையிலிருந்து இஞ்சியோடு வாங் கொதிக்கவிட்டிருந்தார். பனியில் விறைத்த ஆட்டுக்கறியைக் காகிதம் போல் சீவினார். கோவா என்கிற முட்டைக்கோஸ், லீக்ஸ், முட்டை, கொழும்பிலிருந்து வந்த சேமியா. பன்றி இல்லை, மாடு இல்லை. "எல்லாரும் கை வைக்கிற சட்டி அண்ணே. ஒருத்தருக்கு ஆகாதது அதுல விழக்கூடாது" என்றார்.

நான் கொழுந்து காய வைக்கிற தேயிலை ஸ்டோரில் அடுப்பு எரித்தவன். அங்கே சூடு ஏறிய பிறகுதான் கொழுந்தைக் கொட்டுவோம். அந்தப் பழக்கத்தில் சாறு ஊற்றாத வெறும் சட்டியின் புகைபோக்கியில் நெருப்புக் கங்குகளை அள்ளிப் போட்டுவிட்டேன். சட்டி இணைப்பில் இருந்த ஈயப் பற்று உருகிச் சொட்டியது. வாங் ஓடி வந்து சாற்றை ஊற்றினார். "மொதல்ல தண்ணி, பெறகுதான் நெருப்பு" என்று சிரித்தார். ராக்கம்மா விடவில்லை. "இவரு கையில பச்சத் தண்ணியக் குடுத்தாலும் கருக்கிருவாரு" என்றாள்.

கிளாக்கர் வந்தார். ராக்கம்மா கறித்துண்டைக் குச்சியில் பிடித்துச் சாற்றில் முக்கிக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே கேட்டார்:

"லயத்து ஆளுங்க எச்சிக் குச்சியை முக்கின தண்ணியிலயா நானும் திங்கணும்? எனக்கு வேற ஏனத்துல எடுத்து வை."

"எடுத்து வெக்கலாம் ஐயா. அப்பறம் இவங்க முகத்த நான் எப்படிப் பார்க்குறது?"

"மூட்டை தூக்குற சீனாக்காரனுக்கு இம்புட்டு வாயா?"

கையெழுத்துப் போட எடுத்திருந்த பேனாவைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு கிளாக்கர் போனார். நான் அவரை மறிக்க எழுந்தேன். வாங் என் கையைப் பிடித்து, "மொதல்ல தண்ணி, அண்ணே" என்றார். உட்கார்ந்துவிட்டேன். அவர் பேச்சை நான் கேட்டிருக்கவே கூடாது.

அடுத்து யாரைக் கேட்டாலும், "பெரிய கிளாக்கரே போடலையே" என்றார்கள். மனு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு சாகும் வரைக்கும் வருஷா வருஷம் அரசாங்க ஆபீஸான கச்சேரி வாசலில் நின்று, ‘இன்னும் ஒரு வருஷம் இருந்துக்கிறேன்’ என்று கெஞ்சினார். கெஞ்ச வைத்தவர் இப்போது மாலை போட்டுப் பேசுகிறார்.

எனக்கு அவர் விட்டுப்போனது அந்தச் சாற்றின் ருசி ஒன்றுதான். அதை அந்த ஆள் தன் வாயில் வைத்துப் பேச நான் விடமாட்டேன். சட்டியைச் சுற்றி உட்கார்ந்தது நாலே பேர். மஜீது நானா போன வருஷம் மௌத்தாகிவிட்டார். இப்போது வாங்கும் போனார். எனக்கு நெஞ்சில் சளி கட்டிக் கிடக்கிறது, தை வரைக்கும் தாங்குமோ என்னவோ. கிழவன் உளறுகிறான் என்று கிளாக்கர் சொன்னால் டயகமைக்குப் போய்க் கேளுங்கள். கண் மங்கினாலும் யாருக்கும் பயப்படாதவள், ராக்கம்மா இருக்கிறாள்.