சித்தப்பாவின் இடதுகைச் சுட்டுவிரல்

என் சித்தப்பா சவரத் தொழிலாளி. அவர் கடைக்கும் என் தையல் கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே யாராவது தும்மினால் இங்கே என் தையல் கோணும். அதனால் அவரைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தேன். நன்றாகத் தட்டினேன், போங்கள்!

கடைக்கு வருகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'நடுவர்'. எந்தக் கட்சிக்காரன் வந்து உட்கார்ந்து எதைச் சொன்னாலும் "அப்படியா?" என்பார். அவன் எழுந்து போய் எதிர்க்கட்சிக்காரன் வந்து உட்கார்ந்தாலும் அதே "அப்படியா?"தான். வாழ்நாளில் ஓட்டுச் சாவடிப் பக்கமே போனதில்லை. சோம்பேறித்தனம் என்று ஊர் நினைத்தது. அதெல்லாம் இல்லை. சவரம் செய்யும்போது வலது கையில் கத்தி இருக்கும், இடதுகைச் சுட்டுவிரல் கன்னத்துத் தோலை இழுத்துப் பிடித்திருக்கும். அந்த விரல் நிற்பது உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேர் கீழே. ஓட்டுப் போட்ட மை அதில் இருந்தால், யாருக்குப் போட்டாய் என்று எவன் கேட்காமல் இருப்பான்?

"கழுத்துல கத்தி வெச்சிருக்கறவன் கட்சி பேசக் கூடாதும்மா. நான் பேசினா அவனுக்குப் பயம். அவன் பேசினா எனக்குக் கை நடுங்கும்" என்பார். கூடவே, "அதுவும் போக, என் ஒரு ஓட்டு எந்த மூலைக்கு?" என்று கையை விரிப்பார். நான் வாயாடி. எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். சிரித்தே என்னைத் துரத்திவிடுவார்.

இந்த வருஷம் அந்தச் சிரிப்பு எடுபடவில்லை. எங்கள் கடை வரிசை நகர மன்றத்துக்குச் சொந்தமானது. சவரக்கடை, என் கடை, செருப்பு தைக்கிறவர் கடை, கடைசியில் சித்தியின் பழக்கடை. தெருமுனையில் பெரிய இரும்புக்கடை வைத்திருப்பவர் மன்றத் தேர்தலில் நின்றார். ஜெயித்தால் எங்கள் வரிசையை இடித்து வண்டி நிறுத்த இடம் பண்ணுவேன் என்று பகிரங்கமாகவே சொன்னார். எதிர்த்து நிற்க எங்களில் ஒரு ஆள் வேண்டும். ஆண்களெல்லாம் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். சித்தி சில்லறை மாற்றப் போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் அவளையே வேட்பாளர் ஆக்கிவிட்டோம்.

"ஐயையோ, எனக்குத் தராசைத் தவிர என்ன தெரியும்?" என்று அலறினாள். ஆனால் இறங்கிய பிறகு வீடு வீடாக ஏறினாள். கால் வீங்கிப் போய், சாயங்காலம் பழப்பெட்டி மேல் உட்கார்ந்து தேய்த்துக்கொள்வாள். ஒருநாள் இரும்புக்கடைக்காரரே ஆட்களோடு பழக்கடைக்கு வந்து, கையெடுத்துக் கும்பிட்டு, "தங்கச்சி, உங்க ஓட்டு எனக்குத்தான்!" என்றார். சித்தி வெட்கத்தில் நெளிந்து "சரிண்ணே" என்றாள். தெருவே கொல்லென்று சிரித்தது.

அன்று சவரக்கடையிலும் அதுதான் பேச்சு. "ஏன் நடுவரே, உங்க வீட்டம்மா தனக்குத்தானே போட்டுக்குவாங்களா?" என்று யாரோ கிண்டலடித்தார்கள்.

"தனக்குத்தானே போட்டுக்கறது, நான் எனக்கே முடி வெட்டிக்கற மாதிரி. பின்னாடி எப்படி இருக்குன்னு பார்க்கறவன்தான் சிரிப்பான்" என்றார் சித்தப்பா. சித்தியும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும்தான் சிரித்தாள்.

தேர்தல் நாளன்று சாயங்காலம் சித்தப்பா சுட்டுவிரலில் துணிக்கட்டோடு நின்றார்.

"என்னாச்சு?"

"கத்தி பட்டுடுச்சும்மா."

"இத்தனை வருஷமா படாத கத்தி இன்னிக்குப் பார்த்துதான் படணுமா? ஓட்டுப் போடப் போகாததுக்கு இது ஒரு சாக்கு!" என்று பொரிந்தேன். அவர் கட்டை இறுக்கிக்கொண்டு கடையைச் சாத்தினார். சொந்தப் பெண்டாட்டி நிற்கிறாள், இந்த மனுஷனுக்கு இதயம் இருக்கிறதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அன்று ராத்திரியே பள்ளிக்கூட மண்டபத்தில் ஓட்டு எண்ணினார்கள். நாங்கள் வெளியே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முடிந்த பிறகும் மறுபடி எண்ணினார்கள். கடைசியில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள், இரும்புக்கடைக்காரர் வெற்றி, ஒரு ஓட்டு வித்தியாசம்.

ஒரு ஓட்டு! பக்கத்தில் யாரோ "என்னது? என்னது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். முதலில் பாய்ந்தவர் செருப்பு தைக்கிறவர்தான். சித்தப்பாவின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"அந்த ஒரு ஓட்டை முழுங்கின ஆளு இதோ நிக்கிறாரு! எங்க பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியேய்யா!"

நான் மட்டும் சும்மா இருந்தேனா? "திருப்தியா சித்தப்பா? எந்த மூலைக்குன்னு கேட்டீங்களே, இப்ப தெரியுதா எந்த மூலைக்குன்னு?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

அவர் சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. அப்படியே நின்றபடி விரல் கட்டை அவிழ்த்தார். வெட்டும் இல்லை, கீறலும் இல்லை. நகத்தோரம் மை.

"மத்தியானம் தண்ணி எடுக்கப் போறேன்னு வாளியோட போனேன். வாளியைச் சாவடி வாசல்ல வெச்சுட்டு உள்ளே போய் இவளுக்குத்தான் போட்டேன். நாளைக்கு நாற்காலியில உட்கார்றவன் கேட்பானேன்னுதான் துணியைச் சுத்திக்கிட்டேன்" என்றார்.

செருப்பு தைக்கிறவர் கை தானாக விலகியது. என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வரிசையில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்படியானால் காலை வாரிவிட்டது யார்?

படிக்கட்டில் உட்கார்ந்திருந்த சித்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "என்னங்க..." என்றாள். "நான் எனக்குப் போடலைங்க."

"பின்னே? யாருக்குப் போட்டே?"

"அவருக்குத்தான். கடைக்கு வந்து கும்பிட்டுக் கேட்டாரு, சரிண்ணேன்னு சொல்லிட்டேன். சொன்ன சொல்லு இருக்குல்ல? நம்ம ஜனம் இத்தனை பேர் போடுது, என் ஒரு ஓட்டு எந்த மூலைக்குன்னு நினைச்சேன். எனக்கே நான் போட்டுக்கிட்டா நல்லாவா இருக்கும்? நீங்களே சொன்னீங்களே, பார்க்கறவன் சிரிப்பான்னு."

அந்த ஓட்டு மாறி விழுந்திருந்தால் அவருக்கு ஒன்று குறையும், இவளுக்கு ஒன்று கூடும். ஜெயித்தே இருப்பாள்! வீங்கின காலோடு ஊரையெல்லாம் ஏறி இறங்கிக் கேட்டவள், தன்னிடம் மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. திட்ட வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். சித்தப்பா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். விளையாட்டாகச் சொன்னது வினையாகிவிட்டதே என்று அவர் உதடு முணுமுணுத்தது எனக்கு மட்டும் கேட்டது.

மறுநாள் காலை சவரக்கடை நாற்காலி கிறீச்சிட்டது. குரலைக் கேட்டதும் என் கால் மிதிப்பலகையில் நின்றுவிட்டது. இரும்புக்கடைக்காரர்!

"ஊர்வலம் போகணும், பளபளன்னு வழிச்சு விடுங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க நடுவரே. இடிக்கறதுக்கு முன்னாடி காலி பண்ண அவகாசம் குடுக்கறேன்" என்றார்.

சித்தப்பா நுரை போட்டார். தடுப்பு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். கட்டு இல்லை. மை விரல் இரும்புக்கடைக்காரர் கன்னத்தில் அழுந்தி நின்றது.

"அட, நடுவரே ஓட்டுப் போட்டுட்டாரா! யாருக்கு?"

இத்தனை வருஷமாக எந்தக் கேள்விக்குப் பயந்தாரோ, அதே கேள்வி.

"என் வீட்டுக்காரிக்கு" என்றார் சித்தப்பா. கை நடுங்கவில்லை.

"அது சரி! தங்கச்சியும் தனக்கேதானே போட்டிருக்கும். நான் போட்ட கும்பிடு வீணாப்போச்சு" என்று அவர் சிரித்தார்.

"வீணாப் போகலைங்க. சொன்ன சொல்லு தவறாம, அவ உங்களுக்குத்தான் போட்டா."

கண்ணாடியில் அவர் சிரிப்பு பாதியில் நின்றது. உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழப்போனார்.

"என்ன சொல்றீங்க? அப்ப நான் ஜெயிச்சது..."

"அசையாதீங்க" என்றார் சித்தப்பா. "இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கு."