வேகம் கூட்டிய கம்ப்யூட்டர்

அண்ணன் சென்னையில் ஹார்டுவேர் படித்துவிட்டுப் பாபநாசம் திரும்பிய பிறகு, எங்கள் வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். அக்கா கல்யாணமாகி அமெரிக்கா போய்விட்டாள். அங்கே அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்பாவுக்கோ சிறுநீரகம் பழுதாகி, பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேத்தியைப் பார்க்க அவருக்கு இருந்த ஒரே வழி முன்னறைக் கம்ப்யூட்டர்.

ஞாயிறு காலையில் அக்கா வெப்கேமராவில் வருவாள். படம் நகரும், நிற்கும், மறுபடி நகரும். அண்ணனுக்கு அது மானப் பிரச்சினை. "பிராசஸர் திணறுதுப்பா, ஓவர்கிளாக் பண்ணிடறேன்" என்றான். பாதிக் குற்றம் டெலிபோன் லைனுடையது என்றேன். நான் படித்தது வரலாறு என்பதால் அது எடுபடவில்லை.

அவன் அரைகுறையாக எதுவும் செய்யவில்லை. கம்பெனி வைத்த அளவைத் தாண்டி வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றவேண்டும், ஒவ்வொரு முறையும் கடினமான வேலை கொடுத்துத் தாங்குகிறதா என்று பார்க்கவேண்டும். தாங்காவிட்டால் மின்னழுத்தத்தைத் துளி கூட்டலாம், ஆனால் சூடும் சேர்ந்து ஏறும். சூடு மீறினால் பிராசஸர் கருகும், வாரண்டியும் கிடைக்காது. இதெல்லாம் அவனே எனக்குச் சொன்னதுதான். சூட்டைத் தணிக்கப் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, எதிரே டேபிள் ஃபேனையும் வைத்தான்.

சென்னையில் அது சரியாக இருந்திருக்கும். எங்கள் வீடு கும்பகோணம் சாலையை ஒட்டியது. பங்குனியில் உளுந்துச் செடிகளைப் பிடுங்கி வந்து சாலையில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி உளுந்து உதிரும். தூசும் சருகும் வீட்டுக்குள் வந்து சோற்றில்கூடக் கிடக்கும். அத்தனையையும் டேபிள் ஃபேன் அள்ளி அந்தத் திறந்த பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தது. பிராசஸர் மேலிருந்த சின்ன விசிறி அடைத்துக்கொண்டதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

அந்த ஞாயிறு படம் தடங்கலே இல்லாமல் வந்தது. அக்கா குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அது கையைக் காலை உதைத்தது. அண்ணன் என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தான். கொஞ்ச நேரத்தில் திரை கறுத்தது, பொசுங்கிய வாடை வந்தது.

விசிறியில் சிக்கிய சருகை விரலால் நோண்டிக்கொண்டே அண்ணன் அழுதான். "வேற வாங்கிட்டு வந்துடறேன்ப்பா. அடுத்த வாரம் பாத்துடலாம்." எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. அடுத்த வாரம் அப்பா தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கிருந்து அவர் திரும்பவே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒருநாள், அண்ணன் மருந்து வாங்கப் போயிருந்தபோது, அப்பா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "முன்னல்லாம் படம் அப்படியே நின்னுடும்ல, அப்பதாம்மா புள்ள மொகத்தை ஆற அமரப் பாப்பேன். அன்னிக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சா, ஒண்ணும் பிடிபடல. அவன்கிட்ட சொல்லிடாத."

அண்ணன் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான். ஊருக்கு வரும்போதெல்லாம், "கடைசியா ஒரு தடவையாவது அப்பா பேத்தியை நல்லாப் பாத்துட்டாருல்ல" என்பான். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.