ஓடைக்குக் கட்டிய புடவை

ஞாயிற்றுக்கிழமை புடவையை அலசினோம். அப்பா ஒரு முனை, நான் ஒரு முனை. ஓடையிலிருந்து அவிழ்த்து, அதில் ஒட்டியிருந்த பழுப்புக் கூழை வழித்துக் கூடையில் போட்டோம். பிறகு எதிரெதிராக நின்று முறுக்கினோம். அம்மாவின் நைலெக்ஸ் புடவை. மஞ்சளில் ஊதாப் பூ போட்டது. பூவெல்லாம் அட்டைப்பெட்டியின் நிறத்துக்கு வந்திருந்தது.

"லூசா வுடாதம்மா. கெட்டியா புடி," என்றார்.

மறுபடி ஓடையின் குறுக்கே இழுத்துக் கட்டினோம். ஒரகடம் கூட்டுரோடு வரை சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். சிங்கப்பெருமாள் கோவில் பஸ் வந்தது. ஏறினேன். அங்கிருந்து ரயிலில் கிண்டி. வேறு ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் பார்க்கப் போகிறவர்கள் என்ன பேசுவார்கள்?

புதன்கிழமை பகல் ஷிப்டில், மில்லின் பல்ப்பர் மேடையில் உட்கார்ந்த அப்பா எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. அது 1991 புரட்டாசி.

அப்பா பெயர் தணிகாசலம். வல்லம் வடகாலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒரகடம் ரோட்டை ஒட்டி ஒரு சின்னப் பேப்பர் மில் வந்தபோது வேலைக்குச் சேர்ந்தார். மரத்திலிருந்து பேப்பர் செய்யும் மில் அல்ல. மெட்ராஸிலிருந்து பழைய அட்டையும் நோட்டும் செய்தித்தாளும் லாரியில் கட்டுக்கட்டாக வரும். அவற்றைத் தண்ணீரோடு பல்ப்பர் என்ற பெரிய தொட்டியில் அடித்துக் கூழாக்குவார்கள். கூழ் ஒரு வலையின்மேல் ஓடும், தண்ணீர் வடியும், மிச்சம் பழுப்புக் காகிதமாகச் சுருளும். அதிலிருந்து மறுபடி அட்டைப்பெட்டி. அப்பா பல்ப்பரில் காகிதம் தள்ளுபவர். நான் கெமிக்கல் டிப்ளமோ படித்து, கிண்டியில் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அப்பா அடித்த கூழ் என் மேஜைக்குப் பெட்டியாக வந்திருக்கலாம். அடையாளம் காண வழியில்லை.

வலையிலிருந்து வடியும் தண்ணீரோடு நாரும் போகும். அதைப் பிடித்து மறுபடி பல்ப்பரில் சேர்க்கக் கருவி உண்டு. எங்கள் மில் அதை வாங்கவில்லை. தண்ணீர் ஓடையில் விழுந்து, வாய்க்காலில் கலந்து, பாப்பம்மாள் பெரிம்மாவின் நிலத்துக்குப் போகும்.

பெரிம்மா உறவில்லை. அம்மாவின் தோழி. அம்மா இறந்தபின் எங்கள் வீட்டுக்குள் வந்து பேசிய ஒரே ஆள். முந்தின வருடம் அவர் சம்பா நாற்று விட்டிருந்தார். மில் தண்ணீர் நாற்றங்காலில் ஏறி நின்றது. வடிந்தபின் மேலே படிந்த நார் வெயிலில் காய்ந்து தாளாகிவிட்டது. மில்லில் மெஷின் செய்கிற வேலையை அங்கே வெயில் செய்திருந்தது. நாற்று அதற்கடியில் வெந்துபோனது. பெரிம்மா அந்தத் தாளை நாற்றோடு உரித்துச் சுருட்டி, எங்கள் வாசலில் போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து பேச்சு நின்றது.

அப்பா அதைச் சைக்கிளில் கட்டி எடுத்துப்போய்ப் பல்ப்பரில் போட்டார். யார் வீட்டுப் பெட்டியிலோ அந்த நாற்று இருக்கும்.

ஊருக்கு அவர் மில்காரர். மில்லுக்கு அவர் ஊர்க்காரர். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கேண்டீன் பெஞ்சில் உட்கார, அவர் டிபன் கேரியரோடு ஓடைக் கரைக்கு வந்துவிடுவார். இந்த வருடம் பெரிம்மாவின் நாற்று பிழைக்க வேண்டும். அப்பாவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

முதலில் ஓடையின் குறுக்கே வெண்கல வலை கட்டினார். மெஷினிலிருந்து கழித்த வலையில் ஒரு துண்டை, சூப்பர்வைசர் கண்ணப்பனிடம் கேட்டு வாங்கியது. வெண்கலத்துக்குப் பழைய இரும்புக் கடையில் கிராக்கி. ஒரு காலை பார்த்தால் வலை இல்லை. அப்பாவே விற்றுவிட்டார் என்று மில்லில் பேச்சு. முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. மில் கேட்டில் அவருடைய டிபன் கேரியரை மட்டும் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

அதன்பிறகுதான் புடவை. நைலெக்ஸ் நெசவு வெண்கல வலையைவிட நெருக்கம். நாரை அதிகமாகப் பிடிக்கும், சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். தினமும் வழிக்க வேண்டும். வழித்த கூழைக் கூடையில் சுமந்துபோய்ப் பல்ப்பரில் கொட்டுவார். கூலியில்லாத வேலை.

"இன்னா தணிகாசலம், ஓடைக்குப் பொடவ கட்டி வுட்டியாமே? தாலி எப்போ?" என்று பாய்லர் பாபு கத்துவாராம்.

"ஒனக்குப் பத்திரிகை வெச்சுட்டுதான்டா கட்டுவேன்," என்பாராம் அப்பா.

நான் அவரிடம் உள்ளதைச் சொன்னேன். "நார்தாம்பா நிக்கும். தண்ணில கரைஞ்ச அழுக்கு போயிக்கினுதான் இருக்கும். நாத்தமும் போவாது."

"நிக்கிறது நிக்கட்டும்மா."

நான் வராத வாரங்களில் ஒரு முனையை வேலமரத்தில் கட்டிவிட்டுத் தனியாக முறுக்குவார். முடிச்சு விழுந்த இடத்தில் துணி கிழிய ஆரம்பித்தது. மில்லில் அப்போது பிளாஸ்டிக் வலைக்கு மாறியிருந்தார்கள். அதை எந்தக் கடையும் வாங்காது, எவரும் திருட மாட்டார். அடுத்தமுறை வலை மாற்றும்போது ஒரு துண்டு தருவதாகக் கண்ணப்பன் சொல்லியிருந்தார். அப்பா அதற்காகக் காத்திருந்தார்.

தினமும் காலை, கரையில் நின்று எதிர்ப்பக்கம் குரல் கொடுப்பார். "யக்கா, நாத்து எப்டி கீது?"

பெரிம்மா முதுகைத் திருப்பிக்கொண்டு களை பிடுங்குவார். ஒருமுறை நானே பார்த்தேன். அப்பா கொஞ்ச நேரம் நின்றார். பதில் வந்ததுபோலத் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனார்.

அப்பாவின் காரியம் முடிந்தபின் அவருடைய சைக்கிளையும் டிபன் கேரியரையும் வாங்க மில்லுக்குப் போனேன். வெளியே வரும்போது வாட்ச்மேன் பழக்கத்தில் கேரியரைத் திறந்துவிட்டார். காலி. யாரோ கழுவி வைத்திருந்தார்கள். அவர் மூடியை அழுத்தி மூடி, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

கண்ணப்பன் பின்னாலேயே வந்தார். "ஒங்கப்பா தெனம் வந்து நிப்பாரும்மா. 'சார், வலை எப்போ, சார், வலை எப்போ'ன்னு. 'யோவ், இருக்கிறது கிழிஞ்சாத்தான் மாத்துவோம், போய் வேண்டிக்கோ'ன்னு தொரத்துவேன்." கேட் அறைப் பக்கம் கை காட்டினார். "போன சனிக்கெழம கிழிஞ்சிச்சு."

கேட் அறையின் வெளிச்சுவரில் பிளாஸ்டிக் வலைச் சுருள் சாய்ந்திருந்தது. ஆள் உயரத்துக்கு மேல். கயிற்றால் கட்டி, அட்டைத் துண்டில் தணிகாசலம் என்று சாக்பீஸால் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"கேட் பாஸ் நான் போட்டுத் தர்றேன். கேக்க மாட்டாங்க. கூட யாராச்சும் வந்துகீறாங்களா?"

"இல்ல சார்."

"சைக்கிள்ள வெச்சா ஒருத்தர் பின்னாடி புடிச்சிக்கணும்மா. மே மாசம் குண்டு வெடிச்சதுலேர்ந்து போலீஸ் வேற, இத்தினி நீளத்துக்கு எத எடுத்துக்கினு போனாலும் நிறுத்தி அவுக்கச் சொல்றான். ஆளக் கூட்டிக்கினு வா. இங்கியே இருக்கும்."

யாரைக் கூட்டிவருவது என்று யோசித்துக்கொண்டே சைக்கிளைத் தள்ளினேன். கூப்பிடக்கூடிய பெயர் ஒன்றும் வரவில்லை. அப்பாவும் இதே ரோட்டில் இதையே யோசித்திருப்பார்.

ஓடையில் புடவை இருந்தது. பத்து நாளுக்கு மேல் யாரும் வழிக்கவில்லை. மரத்துப் பக்கம் கிழிசல் நீண்டு, அதன் வழியே கூழ் நழுவிக்கொண்டிருந்தது. அவிழ்த்தேன். வழித்தேன். ஒரு முனையை வேலமரத்தில் கட்டி, மறுமுனையை முறுக்கினேன். இன்னும் கொஞ்சம் கிழிந்தது.

நிமிர்ந்தபோது எதிர்க்கரையில் பெரிம்மா. எவ்வளவு நேரமாக நின்றிருந்தார் என்று தெரியாது. அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பா நின்று குரல் கொடுக்கிற இடத்தில் புல் இன்னும் படிந்திருந்தது. அதைப் பார்த்தார்.

"நாத்து நல்லா கீது," என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "அடுத்த வாரம் பறிச்சி நடணும். நட்டதுக்கு அப்பறமும் தண்ணி இந்த வழியாத்தான் வரும்," என்றார். "வலை ஏதோ வருதுன்னு மில்லுப் பசங்க சொன்னாங்களே. வந்துச்சா?"

"வந்துடுச்சி பெரிம்மா. கேட்ல கீது."

அவர் தலையாட்டிவிட்டு வரப்பில் நடந்தார். நான் புடவையை, கிழிசல் மேலே வரும்படி திருப்பிக் கட்டினேன். இது அதிக நாள் தாங்காது. ஐப்பசி மழை வந்தால் ஓடை இழுத்துக்கொண்டு போய்விடும்.

மறுநாள் கிண்டியில் வேலை. பஸ் மில்லைத் தாண்டியபோது ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். கேட் அறைச் சுவரில் சுருள் அப்படியே சாய்ந்திருந்தது. அட்டைத் துண்டு காற்றில் திரும்பி, எழுதாத பக்கத்தைக் காட்டியது.