பழுப்புச் சிறகு

1967 ஏப்ரல் 9. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து, நாட்குறிப்பில் வானிலையை எழுதிவிட்டுக் கண்மாய்க்குப் போனேன். பனிக்காலத்தில் வந்திருந்த கடற்காகங்கள் எல்லாம் போய்விட்டிருந்தன.

அவற்றினிடையே அடிபட்டுக் கிடந்த ஒரு பறவையைப் பக்கத்து வீட்டு மீனாட்சி எடுத்துத் தேற்றியிருந்தாள். போன வாரம் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, சிறகு ஆறிருச்சு. கூட்டத்தோட விட்டுரவா? என்ன சொல்றீக?"

"வேணாம்மா. அதுக உடம்பு வெள்ளை, சிறகு சாம்பல். இதுக்குச் சிறகெல்லாம் பழுப்பு, வாலுல கருப்புப் பட்டை. இது வேற இனம். கொத்திக் கொன்னுரும்."

அன்று மாலை அவள் அதைத் தூக்கி வந்தாள். பழுப்பு இறகுகள் உதிர்ந்த இடமெல்லாம் சாம்பல் இறகுகள் முளைத்திருந்தன.

"அதுகளோட குஞ்சுதானேண்ணே இது?"

இருபது வருடமாகப் பறவைகளைக் குறித்துவைத்த நான், நாட்குறிப்பைத் திறந்து, 'வேறு இனம்' என்று எழுதியிருந்ததை அடித்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக அதைக் கண்மாயில் விட்டோம். கூட்டம் போய்விட்ட வெறும் தண்ணீருக்கு மேல் இரண்டு முறை சுற்றிவிட்டு, மீனாட்சியின் காலடியிலேயே வந்து இறங்கியது.