சேற்றுமரத்தின் வளையங்கள்

அறுபதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். பெயர்தான் பெரிது. சேற்றுக்கு அடியில் நூற்றாண்டுக்கணக்கில் மக்காமல் கிடந்த மரத்துண்டுகளை எங்கள் மேலதிகாரி தேடிக் கொண்டுவருவார். அவர் சிங்களவர்; நாங்கள் மாத்தயா என்றே அழைப்போம். அந்தத் துண்டுகளைக் குறுக்கே அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, உள்ளே இருக்கும் வளையங்கள் தெரியும்படி செய்து கொடுப்பது என் வேலை. நாங்கள் குடியிருந்த தோட்டத் தொழிலாளர் லயத்தில் யாராவது விசாரித்தால், "விறகு தேய்க்கிறான்" என்று அம்மா சொல்லிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அகலமான வளையம் என்றால் மரத்துக்கு நல்ல காலம். ஒடுங்கிய வளையம் என்றால் கஷ்டகாலம். ஒரு வளையம் ஒரு வருடம் என்று குளிர்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும். வருடத்துக்கு இரண்டு பருவமழை பார்க்கிற நம் மலையில் அதைச் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது; வருடத்துக்கு இரண்டு வளையம்கூட விழலாம். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க மாத்தயாவுக்கு ஒரு பெரிய மரம் தேவைப்பட்டது. சுள்ளிகளாகத் தேய்த்துச் சலித்துப்போன எனக்கும் அதே ஆசைதான்.

வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், சேற்றுப்பள்ளத்தின் தண்ணீர் வடிய வாய்க்காலாகக் கான் வெட்டியபோது ஆள் உயரக் கறுப்பு மரம் ஒன்று வெளிப்பட்டதாகத் தகவல் வந்தது. ரம்பத்தோடு போனோம். மரத்தைக் கான் ஓரத்தில் நிமிர்த்தி நட்டிருந்தார்கள். இடுப்பில் மஞ்சள் துணி, மேலே குங்குமம், கீழே ஊதுபத்திச் சாம்பல். நம் ரம்பத்துக்கு இங்கே வேலை இல்லை என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு விஷயத்தைச் சொன்னார். கான் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர்மீது மேட்டுமண் சரிந்து கழுத்துவரை மூடிவிட்டது. சேற்றில் நீட்டிக்கொண்டிருந்த இந்த மரத்தை அவர் கட்டிப்பிடித்திருந்ததால் இழுத்தெடுக்க முடிந்தது. அதன்பிறகு மனிதர் கானுக்குள் இறங்கமாட்டேன் என்று காம்பராவுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். வேலைக்கு வராதவனின் பேரை வெட்டு என்றார் தோட்டத்துத் துரை. பேர் போனால் குடியிருக்கிற காம்பராவும் போய்விடும். அவர் மனைவிதான் நாலு பேரைப் பிடித்து மரத்தை நிமிர்த்தி, பொட்டு வைத்து, இதைத் தொட்டுவிட்டு இறங்குங்கள் என்று புருஷனை அழைத்துவந்திருக்கிறார். அவரும் இறங்கினார். அன்றிலிருந்து காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு கலைந்ததும் நேரே வந்து, மரத்தில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நிற்பாராம். பிறகுதான் மண்வெட்டியை எடுப்பாராம்.

ஒரு துண்டாவது கேட்டுப்பார் என்றார் மாத்தயா. பொட்டு வைத்த அந்த அக்காவைக் கேட்டேன்.

"நீங்க அறுத்துக்கிட்டுப் போயிருவீங்க தம்பி. நாளைக்கு இவரு கானுக்குள்ள எறங்கலன்னா, புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு நாங்க எங்க போறது?"

ரம்பத்தைத் திரும்பச் சுற்றிக் கட்டினேன். இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் வர மனமில்லை. இந்த மரம் கெடாமல் இருந்ததே சேற்றின் ஈரத்தால்தான்; வெயிலில் காய்ந்தால் வெடித்துப் பாளம் பாளமாக உதிர்ந்துவிடும். "காய விடாதீங்கக்கா, தண்ணி ஊத்திக்கிட்டே இருங்க" என்றேன்.

தவறாமல் ஊற்றினார். தோட்டத்தில் அதை அபிஷேகம் என்றார்கள், நாங்கள் பதப்படுத்தல் என்றோம். மரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

தைமாதப் பனியும் வறட்சியும் வந்தன. லயத்துப் பீலியில் குடிக்கிற தண்ணீருக்கே சண்டை. ஒருநாள் மத்தியானம் அந்த அக்கா தலையில் ஈரச் சாக்குமூட்டையோடு ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தார். பிரித்தால், கை நீளத்துக்கு ஒரு கறுப்புப் பாளம்.

"பின்பக்கம் வெடிச்சு விழுந்திருச்சு தம்பி. அவரு பாக்குறதுக்கு முன்னாடி எடுத்துட்டேன். வெடிச்ச எடம் தெரியாம துணியச் சுத்தி வச்சிருக்கேன்."

பாளத்தின் முறிந்த முனையில், தேய்க்காமலே, வளையங்கள் வரிவரியாகத் தெரிந்தன. மாத்தயா பூதக்கண்ணாடியோடு ஓடிவந்தார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பை அடக்கினேன்.

"இன்னமே வெடிக்காம இருக்க மருந்து எதுவும் இருக்குங்களா?"

சின்னத் துண்டு என்றால் மெழுகில் ஊறப்போடுவோம். ஆள் உயர மரத்தை எதில் ஊறப்போடுவது? இல்லை என்றேன். சொல்லவே கஷ்டமாக இருந்தது.

"முழுசும் வேணாம் தம்பி. அவரு கை வைக்கிற பக்கம் நின்னாப் போதும். கான் வேல முடியிற வரைக்கும்."

எந்தப் பக்கம் என்று கேட்டேன். கானைப் பார்த்த பக்கம், நெஞ்சு உயரம் என்று கையை வைத்துக் காட்டினார். அந்த இடத்தில் பள்ளத்துச் சேற்றையே கனமாக அப்பி ஈரச்சாக்கைக் கட்டச் சொன்னேன். காலையில் அவர் வருவதற்குமுன் எடுத்துவிட்டு, இறங்கியதும் திரும்பக் கட்ட வேண்டும், மேலே ஓலை போட்டு வெயிலை மறைக்க வேண்டும். சொன்னதை அப்படியே ஒருமுறை திருப்பிச் சொன்னார். பிறகு மேசையில் பாளத்தின்மேல் குனிந்திருந்த மாத்தயாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி தம்பி. அந்தப் பக்கம் எங்களுக்கு. மத்த பக்கமெல்லாம் விழ விழ ஒங்களுக்குக் கொண்டாந்து தர்றேன். இப்ப அந்தச் சாக்க மட்டும் குடுங்க, போயி நனைச்சுக் கட்டணும்."