மாக்கிரட்டும் பொலிஸ் பதிவும்

மாக்கிரட்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. பதினெட்டு வருடமாக மொன்றியல்வாசி. கணவர் காலமாகி ஆறு வருடமாகிறது. சென்ட் லோரன்டில் மருந்துப் பெட்டி அடுக்கும் தொழிற்சாலையில் மாலை வேலை. கனடியப் பிரஜை, தவறாமல் வாக்குப் போடுகிறவர். ஆனாலும் தெருவில் பொலிஸ் வாகனத்தைக் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவார். பனி முழங்கால்வரை கிடந்தாலும் மாறுவார். பார்க்கிற பொலிஸ்காரனுக்குத்தான் சந்தேகம் வரும், இந்த அம்மா எதையோ களவெடுத்துக்கொண்டு போகிறார் என்று. சொன்னால் கேட்கமாட்டார்.

இப்படிப்பட்ட மனுசியின் ஒரே பிள்ளை போய்க் குடியிருக்கப் பிடித்த இடம் சீனா. றெனோல்ட் இரண்டு வருடமாகச் செங்டு நகரத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறான். தினமும் தாய்க்கு வீடியோவில் வருவான். அவனுடைய அன்றாடம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். காலையில் தெருமுனைக் கடையில் ஆவி பறக்கும் பன். மரக்கறி விற்கும் கிழவிக்குக்கூடக் காசு கொடுக்க முடியாது, போனைத்தான் நீட்டவேண்டும். எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் குடிக்கக் கொடுப்பது சுடுதண்ணீர். "இந்த நிறத்தில் கனடாக்காரனா?" என்று மாடிக் காவலாளி இன்னும் அவனை நம்பவில்லை. இதற்கெல்லாம் மாக்கிரட் விழுந்து விழுந்து சிரிப்பார். மெட்ரோவுக்குள் இறங்குமுன் ஒவ்வொரு தடவையும் பையைச் சோதிப்பார்கள் என்று அவன் சொன்ன அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை.

போன மாதம் அவன் பள்ளிக்கூட விடுதியை விட்டு வாடகை வீட்டுக்கு மாறினான். வீடு மாறிய வெளிநாட்டவர் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் பாஸ்போட்டோடு அந்தப் பகுதிப் பொலிஸில் போய்ப் பதியவேண்டும் என்பது அங்கே சட்டம். விடுதியில் இருந்தபோது பள்ளிக்கூடமே அதைச் செய்துவிட்டது. இனி அவனே போகவேண்டும். அதைக் கேட்டதும் மாக்கிரட்டின் முகத்தில் ஈயாடவில்லை.

"தம்பி, நீயாப் போகாத. உன்ர பேரும் விலாசமும் அவங்கட கையில ஏன் கிடக்கவேணும்? கேட்டு வந்தால் பாப்பம்."

இதை விசர்க் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. கனடா விசாவுக்காக மாக்கிரட் குடும்பத்தோடு கொழும்பில் ஓர் அறையில் காத்துக் கிடந்த காலம். அப்போது தமிழர் யார் வந்து தங்கினாலும் பொலிஸில் பதியவேண்டும். வழியனுப்ப மன்னாரிலிருந்து வந்த, மாக்கிரட்டின் கூடப்பிறந்த தம்பி தேவதாசன், "ரெண்டு நாளைக்கு என்னத்துக்கு அக்கா?" என்றான். மாக்கிரட்தான் கேட்கவில்லை. வில்லங்கம் வேண்டாம், சோறு ஆறமுன்னம் வந்துவிடலாம் என்று அடையாள அட்டையை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பினார். போனவன்தான். பொலிஸில் போய்க் கேட்டபோது, அப்படி ஒருவரும் வரவில்லை என்றார்கள். இன்றுவரை அதுதான் பதில்.

நேற்றுக் காலை ஆறு மணிக்கு றெனோல்ட் எடுத்தான். அங்கே இரவு ஏழு மணி.

"அம்மா, பொலிஸ் வீட்டுக்கு வந்திட்டுப் போகுது. ஏன் பதியேல்லை எண்டு கேட்டவர். நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்குப் பாஸ்போட்டோட ஸ்டேசனுக்கு வரட்டாம்."

"நீ பதியேல்லையா?"

"நீங்கள்தானே போகாத எண்டு சொன்னீங்கள்."

இருபத்தேழு வருடத்தில் ஒரு சொல் கேட்காத பிள்ளை, கேட்டதற்கு இதைத்தான் கேட்டிருக்கிறான்.

"என்னோட படிப்பிக்கிற ஒருத்தன், இண்டைக்கே ரெயின் எடுத்து வேற ஊருக்குப் போகச் சொல்லுறான். விசாவை வெட்டிப் பிடிச்சு வைப்பாங்களாம். எனக்குப் பயமாக் கிடக்கு அம்மா. என்ன செய்ய?"

"யோசிச்சுச் சொல்லுறன், தம்பி."

யோசித்தாரா என்றால் இல்லை. ஊற்றிய தேத்தண்ணீர் ஆடை படிந்து கிடந்தது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்ப நடந்தார். வேலையில் மூன்று பெட்டிகளுக்குள் துண்டுப் பிரசுரம் வைக்க மறந்தார். பதினான்கு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. வரிசைப் பொறுப்பாளர் றோசலின், மட்டக்களப்புப் பிள்ளை, அந்தப் பெட்டிகளைத் திரும்ப எடுத்துத் தானே பிரசுரத்தை வைத்தாள்.

எட்டு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. அரை மணித்தியாலம். சாப்பாட்டு அறை மூலையில் மாக்கிரட் போனைக் கையில் பிடித்தபடி இருந்தார். அடித்தது.

"ஸ்டேசன் வாசல்ல நிக்கிறன் அம்மா. உள்ள போகவா?"

ஓடி வா, முதல் பிளேனில் ஏறு என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் முகத்தைப் பார்த்துப் பெயரைக் குறித்துக்கொண்டு போன பொலிஸிடமிருந்து எங்கே ஓடுவது? ஓடினால் சின்னப் பிழை பெரிய பிழையாகிவிடும். அது அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் 'போ' என்ற சொல் வாயில் வரவில்லை. அந்தச் சொல்லை ஒரு தரம் தேவதாசனுக்குச் சொல்லி அனுபவித்துவிட்டாரே.

"போ," என்றார். சத்தம் வரவில்லை. இன்னொரு தரம் சொன்னார். "போ, தம்பி. போனை நிப்பாட்டாத. பொக்கற்றுக்குள்ள வை."

துணி உரசும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. சீன மொழியில் ஆணொருவர் கேட்டார், றெனோல்ட் தடுக்கித் தடுக்கிப் பதில் சொன்னான். கதிரை இழுபட்டது. பிறகு அதட்டலாக ஒரு குரல். அத்தோடு போன் நின்றுவிட்டது.

திரும்ப எடுத்தார். போகவில்லை. இன்னும் நாலு தரம் எடுத்தார். இடைவேளை முடியும் மணி அடித்தது, மற்றவர்கள் கையுறையைப் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். மாக்கிரட் எழும்பவில்லை. றோசலின் கிட்ட வந்தாள்.

"மாக்கிரட் அக்கா, என்ன செய்யுது? பேயறைஞ்ச மாதிரி இருக்கிறீங்க."

"நான்தான் போகச் சொன்னனான், பிள்ளை."

"ஆரை?"

"ரெண்டு பேரையும்."

றோசலினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்த நிலையில் கேள்வி கேட்கக்கூடாது என்பது மட்டும் விளங்கியது. போய் மாக்கிரட்டின் இடத்தில் தானே நின்று பெட்டி அடுக்கத் தொடங்கினாள்.

மணி அடித்து இருபத்திரண்டு நிமிடம் போனது. செபம்கூட ஓடவில்லை. மாதாவே என்று தொடங்கினால் அடுத்த சொல் வரவில்லை. வரவேற்பு மேசையில் ஒருவர், அப்படி ஒருவரும் வரவில்லை என்று சொல்வதுதான் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது, அதுவும் சிங்களத்தில்.

போன் அடித்தது.

"முடிஞ்சுது அம்மா. எச்சரிக்கை மட்டும்தான். போனை நிப்பாட்டச் சொல்லிப்போட்டினம். பதிவுத் தாள் தந்திட்டினம்."

"எங்க நிக்கிறாய்?"

"வெளியால."

"கமராவைப் போடு."

போட்டான். முகம் வியர்த்திருந்தது. பின்னால் தெரு, மோட்டார் சைக்கிள்கள், குழந்தையோடு போகும் ஒரு பெண். மாக்கிரட் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிள்ளைதான். வெளியில்தான். அப்போதுதான் அழுகை வந்தது, நிறுத்த முடியாத அழுகை.

"அம்மா, நான்தான் வந்திட்டனே, ஏன் அழுறீங்கள்? இது பெரிய விசயமில்லை. நாட்டை விட்டுப் போயிட்டு வந்தால், வீடு மாறினால், ஒவ்வொரு முறையும் போய்ப் பதியத்தான் வேணும். இனி உங்களுக்குச் சொல்லாமலே போயிட்டு வாறன். சொன்னால் நீங்கள் பயப்படுவீங்கள்."

மாக்கிரட் முகத்தைத் துடைத்தார்.

"பயப்படுவன்தான்," என்றார். "நீ சொல்லு."